குளிர்கால இரவும் நோயுற்ற கோழியும்

கோழி சோர்ந்து நின்றால், "என்ன மருந்து கொடுக்கலாம்?" என்று கேட்பது நம் ஊர் வழக்கம். தில்லியின் தை மாதக் குளிரில் அது இரண்டாம் கேள்வியாகவே வரவேண்டும். "கோழியின் உடலில் சூடு இருக்கிறதா?" என்பதே முதற் கேள்வி.

காரணம் பௌதிகத்தில் இருக்கிறது. கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை சென்டிகிரேட். நம்முடையதைவிட நான்கு பாகை மிகுதி. சூடான பொருள் வெப்பத்தை இழக்கும் வேகம், அதற்கும் சுற்றுப்புறத்திற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டைப் பொறுத்தது என்பது நியூட்டன் விதி. நம் ஊரில் 23 பாகை உள்ள இரவில் அவ்வேறுபாடு 18. தில்லியில் 5 பாகை உள்ள இரவில் 36. ஆகவே, அதே கோழி இங்கே ஏறத்தாழ இருமடங்கு வெப்பத்தை இழக்க நேரும்.

நலமுள்ள கோழி இறகுகளைச் சிலிர்த்து, இடையே காற்றைத் தேக்கி, வெப்பத்தைக் காத்துக்கொள்ளும். கழுத்தடியிலுள்ள தீனிப்பையில் மாலையில் நிரப்பிய தானியம் இரவில் அதற்கு எரிபொருள். நோயுற்ற கோழியோ இரை எடுப்பதில்லை. அடுப்பு இருக்கிறது, விறகு இல்லை. நோய் கொல்லுமுன் குளிரே கொன்றுவிடலாம்.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் ஆறு கோழிகள் வளர்க்கிறார். முட்டை விற்ற காசே அவருடைய கைச்செலவுக்கு. சென்ற ஜனவரியில் அவற்றுள் ஒன்று கண்ணை மூடி மூலையில் ஒடுங்கியது. நாங்கள் கையாண்ட முறை வருமாறு:

முதலாவது, பிரித்து வைத்தல். நோய் பரவாது, மற்றக் கோழிகள் கொத்தவும் மாட்டா.

இரண்டாவது, சூடு. அட்டைப்பெட்டியில் வைக்கோல் பரப்பி, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் மட்டும் வைத்தோம். சூடு மிகுந்தால் கோழி மறுபக்கம் நகர இடம் வேண்டும். வாய் திறந்து இளைத்தால் சூடு மிகை.

மூன்றாவது, நீர். வெதுவெதுப்பான நீரில் அலகின் நுனியை நனைத்தால் போதும். வாயில் ஊற்றலாகாது, மூச்சுக்குழலின் வாய் நாவின் அடியிலேயே இருக்கிறது.

நான்காவது, இரை. உடல் சூடேறிய பின்னரே குழைந்த சோறு கொடுத்தோம். விடியலில் தீனிப்பை காலியாக இருக்கவேண்டும். கெட்டியாக நிறைந்திருந்தால் அடைப்பு எனக் கருதி மருத்துவரிடம் காட்டவேண்டும்.

மூன்றாம் நாள் கோழி தானே கொத்தித் தின்றது. கால்நடை மருத்துவர் தந்த குடற்புழு மருந்தைத் தாங்கும் வலிமையும் அதற்கு வந்திருந்தது.

ஓர் எச்சரிக்கை. மூடிய இடத்தில் கரி அங்கீட்டி வைக்கவே கூடாது. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மனிதரையும் கொல்லும். அந்நாளில் சுரங்கத் தொழிலாளர் சிறு பறவைகளை உடன் கொண்டு சென்றது, அவை இந்நஞ்சுக்கு முதலில் மயங்குவதால்தான். விடுதி அறைக்கும் இது பொருந்தும், நண்பர்களே! கூட்டையும் காற்றுப் புகாமல் அடைத்தல் தவறு. எச்சத்தின் அம்மோனியா மூச்சுக்குழலைப் புண்ணாக்கும்.

சூடு மருந்தன்று. பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்துத் திருகினால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். குமாவுன் மலையிலுள்ள இராணிகேத் ஊரின் பெயரால் வழங்கும் இவ்வைரஸ் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. தீர்க்கும் மருந்து இல்லை. பல கோழிகள் திடீரென மாண்டால் கையால் தொடாது, கால்நடைத் துறைக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

மற்றபடி, சூடு, நீர், இரை, மருந்து என்னும் வரிசையை மனத்தில் கொள்க. மருத்துவர் வரும்வரை உயிரைத் தாங்கி நிறுத்துவது நம் கையில் இருக்கிறது.