தோள் வலியோடு நெஞ்சுக்கு அடிக்கலாமா?

எந்த ஊர் ஜிம்மானாலும் திங்கட்கிழமை நெஞ்சுக்குத்தான். இங்கே மும்பையில், தாராவியிலும் செம்பூரிலும் அன்று பெஞ்சுக்கு வரிசை நிற்கும். அந்த வரிசையில் ஒருவராவது தோளைச் சுழற்றிச் சுழற்றிச் சொடக்கெடுத்துக்கொண்டிருப்பார். கேட்டால், "வார்ம்-அப் ஆகலை, அதான்" என்பார். வாரக்கணக்காக ஆகாத வார்ம்-அப்!

தோள் வலித்தாலும் பெரும்பாலும் நெஞ்சுக்கு அடிக்கலாம். அதற்கு முன் வலி எங்கே என்று ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள். காரை எலும்பு முடிகிற உச்சியில் வலித்து, கையை எதிர்த்தோளுக்குக் கொண்டுபோகும்போது சுருக்கென்றால், அந்தச் சிறு மூட்டில் கோளாறு இருக்கலாம். எடை தூக்குபவர்களுக்கு அடிக்கடி வருவது இது. கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது மேல்கையின் வெளிப்புறம் வலித்தால், தோளைப் பிடித்திருக்கும் சிறு தசைகளின் நாண்களைச் சந்தேகிக்கலாம். இதை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது; எதைத் தவிர்ப்பது என்பதற்கு இது போதும்.

சிலர் ஜிம்முக்கே போகக் கூடாது. விழுந்து அடிபட்டபின் கை தூக்க வராதவர்கள், தோள் நழுவியவர்கள், கை மரத்துப்போகிறவர்கள், இரவில் வலியால் தூக்கம் கெடுகிறவர்கள் முதலில் சயான் ஆஸ்பத்திரி போன்ற இடத்தில் எலும்பு மருத்துவரைப் பார்க்கட்டும். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் எல்லாப் பக்கமும் இறுகிப்போனால் அது உறைதோளாக இருக்கலாம். அதற்குப் பெஞ்ச் மருந்தல்ல. இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் வந்தால் தாமதிக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மற்றவர்கள் பெஞ்சுக்கு வரலாம். பாரை இறக்கும்போது முழங்கைகளை உடம்புக்குச் செங்குத்தாக விரிப்பதுதான் பெரும்பாலான தொல்லைக்கு வேர். விலாவிலிருந்து 45 பாகை அளவில் வையுங்கள். பிடியின் அகலம் தோள் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கைத் தாண்ட வேண்டாம். தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் இழுத்துக் கீழே அழுத்திப் பெஞ்சில் பதியுங்கள். அப்படியும் வலித்தால் டம்பெலுக்கு மாறி, உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடியுங்கள்.

அதற்கும் அடங்காவிட்டால் தரையில் படுத்து அடியுங்கள். முழங்கை தரையைத் தொட்டதும் நின்றுவிடும். தோள் பின்னால் மிகையாக இழுபடும் அந்தக் கடைசிப் பகுதிதான் பலருக்கு வலிக்கிற பகுதி. வரிசையில் நிற்கும் வேலையும் மிச்சம். சாய்வு பெஞ்ச் 30 பாகைக்கு மேல் வேண்டாம். அதற்குமேல் பாரம் நெஞ்சைவிட்டுத் தோளுக்கு ஏறும். டிப்ஸ், கைகளை ஆழமாக விரிக்கும் ஃப்ளை இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். வியாயாம்சாலை எனும் பழைய பாணி உடற்பயிற்சிக் கூடத்தில் பழகியவர்கள் முங்கி எழும் தண்டாலை விட்டு, கைகளைப் பெஞ்சின் மேல் ஊன்றிச் சாதாரண புஷ்-அப் எடுக்கலாம். அதில் தோள்பட்டை எலும்பு தாராளமாக நகரும்.

எடையைப் பாதியாக்கி 12 முதல் 15 வரை எண்ணுங்கள். இறக்க மூன்று வினாடி. பத்துக்கு மூன்று வரையான வலியைப் பொறுக்கலாம். மறுநாள் காலை அது கூடியிருந்தால் நேற்றைய எடை அதிகம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஜிம்முக்கு வருவதில் எனக்கு உடன்பாடில்லை. நிறுத்து என்று சொல்லும் ஒரே குரலை அது அடைத்துவிடும்.

தோளுக்கு வேலை ஜிம்மில்தான் தொடங்குகிறது என்று ட்ரெயினர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். விடியலில் தாராவியிலிருந்து இட்லிப் பாத்திரத்தைத் தலையில் வைத்து, ஒரு கையால் பிடித்தபடி தெருத்தெருவாகப் போகிறவருக்கு, மாலைக்குள் தோள் பாதிக் கணக்கை முடித்துவிட்டிருக்கும். லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு வருகிறவருக்கும் அப்படியே. இவர்கள் விடுமுறை நாளுக்கு நெஞ்சு வேலையை மாற்றிக்கொண்டாலே வலி குறைய வாய்ப்புண்டு. நெஞ்சுக்கு அடிக்கும் ஒவ்வொரு செட்டுக்கும் முதுகுக்கு ஒரு செட் இழுங்கள். ரப்பர் பட்டையைப் பிடித்து, முழங்கையை இடுப்போடு ஒட்டி, முன்கையை வெளியே திருப்பும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஸ்கேன். "சவ்வு கிழிஞ்சிருக்கு" என்று ரிப்போர்ட் வந்ததும் பலருக்குப் பாதி உயிர் போய்விடுகிறது. 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், தோளில் எந்த வலியும் இல்லாத 96 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத் தோள் நாணில் கிழிசல் இருந்தது. தோள் வலிக்காக எலும்பைச் செதுக்கும் அறுவையை, செதுக்காமல் கருவியை விட்டு எடுத்த போலி அறுவையோடு ஒப்பிட்ட பிரிட்டன் ஆய்வு 2018-இல் லான்செட் இதழில் வந்தது. இரண்டுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. அதனால் கிழிசலுக்கோ செதுக்கலுக்கோ தேதி குறிக்குமுன், பிசியோதெரபிஸ்ட் சொல்லும் பயிற்சியை மூன்று மாதம் ஒழுங்காகச் செய்துபாருங்கள். விழுந்து அடிபட்டுக் கையைத் தூக்க முடியாமல் போனவர்கள் மட்டும் இந்த மூன்று மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது.