நின்று உதைத்தால் பினால்ட்டி செல்லாதா?

சிலாங்கூரில் ஈஜோக்கிலிருந்து பெஸ்தாரி ஜெயா வரை எந்தத் தோட்டத் திடலில் ஆட்டம் பினால்ட்டிக்குப் போனாலும் இந்தக் கூச்சல் கிளம்பிவிடுகிறது: “ரெப்ரி! ஓடி வந்தவன் நடுவுல நின்னுட்டான், கோல் செல்லாது!” ஆட்டக்காரன் கத்தினால் போகட்டும். பயிற்றுநரும் கத்துகிறார். ஏற்பாட்டுக் குழுவில் ஒருவர் ஒலிபெருக்கியிலேயே தீர்ப்பு சொல்கிறார்.

செல்லும் ஐயா, செல்லும்! ஓடிவரும்போது வேகத்தைக் குறைக்கலாம், துள்ளலாம், ஒரு கணம் நிற்கவும் செய்யலாம். காற்பந்து விதி 14 இதை வெளிப்படையாகவே அனுமதிக்கிறது. இத்தாலியின் ஜோர்ஜினோ துள்ளித் துள்ளிக் கோல் போட்டதை விடிய விடிய அஸ்ட்ரோ தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, மறுநாள் திடலில் வந்து இப்படிச் சட்டம் பேசினால் என்ன செய்வது?

ஓட்டத்தை முடித்து, உதைப்பதுபோல் காலை ஓங்கி நிறுத்தி, கோல்காவலர் விழுந்தபின் உதைப்பதுதான் குற்றம். பிரேசில்காரர்கள் இதை ஒரு வித்தையாகவே வைத்திருந்தார்கள். 2010 உலகக் கிண்ணத்துக்குமுன் தடை வந்தது. தண்டனையும் ‘மறுபடி உதை’ அல்ல. உதைத்தவருக்கு மஞ்சள் அட்டை, எதிரணிக்கு மறைமுக ஃப்ரீகிக். பந்து வலைக்குள் கிடந்தாலும் கோல் இல்லை. ஆட்டம் சமமாகி, வெற்றியை முடிவுசெய்ய உதைக்கும் பினால்ட்டி என்றால், அது தவறவிட்ட உதையாகவே எழுதப்படும்.

இந்தக் குற்றத்தைக் கண்டுபிடிப்பது எப்படி? முகத்தைப் பார்த்தால் ஏமாந்தோம். ஊன்றுகாலைப் பார்க்க வேண்டும். வலது காலால் உதைப்பவன் பந்துக்குப் பக்கத்தில் இடது காலை ஊன்றிவிட்டால் ஓட்டம் முடிந்தது. அதன்பின் பின்னே போன வலது கால் பாதியில் நின்றால் விசில். ஊன்றுவதற்குமுன் அவன் கரகமே ஆடினாலும் நடுவருக்கு வேலையில்லை.

திடலில் கேட்கும் இன்னொரு கூச்சல்: கோல்காவலர் அசையவே கூடாதாம். மலேசியக் கோல்காவலர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகம் காலத்தில் அப்படி இருந்தது. பந்து உதைபடும்வரை கோல்காவலரின் பாதம் நகரக் கூடாது. 1997இல் அந்த விதி போய்விட்டது. இன்று கோட்டோடு பக்கவாட்டில் நகரலாம். உதைபடும் நொடியில் ஒரு பாதத்தின் ஒரு பகுதியாவது கோட்டிலோ, கோட்டுக்கு நேர்மேலேயோ, பின்னாலோ இருந்தால் போதும்.

மற்றொன்று: நேரே கோலுக்குத்தான் உதைக்க வேண்டுமாம். அதுவும் இல்லை, ஆட்ட நேரத்துப் பினால்ட்டியில் பந்து முன்னே போனால் சரி. 2016இல் மெஸ்ஸி மெல்லத் தள்ளிவிட, சுவாரெஸ் ஓடிவந்து கோல் அடித்தாரே!

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வார்த்தை. கூடாரத்துக்குக் காசு இருக்கிறது, சுழற்கிண்ணத்துக்குக் காசு இருக்கிறது. விசிலை மட்டும் கையில் கிடைத்த மாமாவிடம் கொடுத்துவிட்டு, பிறகு அவரையே ஏசுகிறீர்கள். அடுத்த போட்டிக்குமுன் உங்கள் தோட்டத்திலிருந்து ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் நடுவர் பயிற்சிக்கு அனுப்புங்கள். கட்டணத்தை அணிகளின் பதிவுப் பணத்திலிருந்தே கட்டிவிடலாம்.