கூரையும் 0.78 விநாடியும்

மெக்கானிக்ஸில் படித்த வீழ்ச்சிக் கணக்கை வீட்டுக் கூரைக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 3 மீட்டர் என்றால் தரையைத் தொட 0.78 விநாடி, வேகம் மணிக்குச் சுமார் 28 கி.மீ.

எங்க அப்பா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மாட்டுகிறவர். "பெல்ட் போட்டா வேலை ஓடாதுடா" என்பார். பழைய ஷீட் பார்க்கத்தான் கல், மிதித்தால் அப்பளம். போல்ட் வரிசைக்கு அடியில்தான் பர்லின் இருக்கும். பர்லினுக்குப் பர்லின் பலகை போட்டு அதன்மேல்தான் நடக்க வேண்டும்.

இடுப்பு பெல்ட் போதாது. தோள், மார்பு, தொடை சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ் வேண்டும். அதிலும் சிக்கல்: 1.8 மீட்டர் கயிற்றைக் காலடியில் மாட்டினால், 3 மீட்டர் கூரையில் கயிறு இறுகுமுன் கால் தரையில்! குட்டைக் கயிறாகத் தலைக்கு மேல் மாட்டணும். இடமில்லையென்றால் சுற்றிலும் சாரம், கைப்பிடிக் கம்பி.

சாக்பீஸால் வரைந்து காட்டினேன். சாரத்துக்கு வாடகை யார் தருவது என்று அப்பா கேட்டார்.