கிளைகளைக் காண்டலும் ஒப்பிடலும்

ஒரே கோப்பினைப் பலர் திருத்துமிடத்து, எவர் எதனை மாற்றினார் என்பதை அறிய உதவுவது பதிப்புக் கட்டுப்பாட்டு முறையாகும். இவ்வகையில் இன்று பெருவழக்கிலுள்ளது ‘கிட்’ என்பது. லினக்ஸ் இயக்க முறையின் மையநிரலை வளர்ப்பதற்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ஆம் ஆண்டில் இதனை உருவாக்கினார். கீழ்வரும் கட்டளைகள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. கணினியில் அவற்றை ஆங்கில எழுத்துகளால் இடுதல் வேண்டும்.

கிளைகளைக் காணுதல்

கிளை என்பது கோப்புகளின் தனிப்படி அன்று. ஒரு பதிவைச் சுட்டும் பெயரே. அக்கிளையில் புதிய பதிவு செய்யுந்தோறும் அப்பெயர் முன்னேறிச் செல்லும். ‘கிட் பிராஞ்ச்’ என்னும் கட்டளை கணினியிலுள்ள கிளைகளை வரிசைப்படுத்திக் காட்டும். பணி நிகழும் கிளையின் முன் உடுக்குறி நிற்கும். பிறர் கிளைகளையும் காண விழைவோர், முதலில் ‘கிட் ஃபெட்ச்’ கட்டளையை இடுக. இன்றேல் முன்பு பெற்ற பழைய நிலையே தோன்றும்.

கிளைகளை ஒப்பிடுதல்

ஒரு நிலையத்தின் மழையளவுக் கோப்பு ‘மெயின்’ என்னும் கிளையில் உள்ளதெனக் கொள்வோம். ஊழியர் ஒருவர் அதிலிருந்து ‘திருத்தம்’ என்னும் கிளை பிரித்து, ஜூன் முதல் வாரத்தின் 2 வரிகளைச் சரிசெய்கிறார். அதற்குள் மற்றொருவர் மெயின் கிளையில் ஜூலை மாதத்து 10 வரிகளைச் சேர்த்துவிடுகிறார். இப்போது,

கிட் டிஃப் மெயின்..திருத்தம்

என இட்டால், 2 வரிகளின் மாற்றத்தோடு, ஜூலை மாதத்து 10 வரிகளும் கழித்தற்குறியுடன் தோன்றும். காண்பவர், திருத்தியவரே அவற்றை அழித்தார் என எண்ணக்கூடும். அவரோ ஒன்றையும் அழிக்கவில்லை. அவ்வரிகள் அவர் கிளைக்கு வந்து சேரவில்லை, அவ்வளவே. இரண்டு புள்ளிகள் இரு கிளைகளின் நுனிகளை நேருக்கு நேர் ஒப்பிடுவதே இதற்குக் காரணம்.

கிட் டிஃப் மெயின்...திருத்தம்

என மூன்று புள்ளிகள் இட்டாலோ, இரு கிளைகளும் பிரிந்த பொதுப் பதிவிலிருந்து திருத்தக் கிளையில் நிகழ்ந்த மாற்றம் மட்டும் தோன்றும். அதாவது, சரிசெய்த 2 வரிகளே. ஒருவர் செய்த பணியை மதிப்பிட இதுவே ஏற்றது.

கிளைகளை முறைப்படி இணைத்தால் 10 வரிகளும் நிலைத்திருக்கும். இணைக்காமல், திருத்திய கோப்பை எடுத்து மெயின் கோப்பின் மேல் வைத்தாலோ அவை அங்கே மறையும்.

ஓர் எச்சரிக்கை

‘கிட் லாக்’ கட்டளையில் புள்ளிகளின் பொருள் வேறு. அங்கு இரண்டு புள்ளிகள் பின்வரும் கிளையில் மட்டும் உள்ள பதிவுகளைத் தரும். மூன்று புள்ளிகள் இரு பக்கத்துத் தனிப்பதிவுகளையும் தரும்.

ஆகவே, கழித்தற்குறி கண்டவுடன் பிறர்மேல் குறைகூறாது, எதனோடு எதனை ஒப்பிட்டோம் என்பதை முதற்கண் ஆராய்க.