மழைநீர் குடித்த இன்ஜின்

தேங்கிய தண்ணீரில் போய் நின்றுவிட்ட காரில் தயவுசெய்து மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் அது இருக்கும்போது பிஸ்டன் மேலேறினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எப்படியோ ஸ்டார்ட் ஆகி, இப்போது வண்டி உதறுகிறதா? முதலில் ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். காகித மடிப்புகள் நனைந்து, ஓரத்தில் சேற்றுக்கோடு படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு அதிகம். கழுவும் முன் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள், இன்சூரன்ஸுக்கு உதவும்.

அடுத்து டிப்ஸ்டிக். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றியே ஆகவேண்டும்.

ஏர் ஃபில்டர் காய்ந்திருந்தால் நிம்மதி. பெட்ரோல் வண்டியில் பெரும்பாலும் பிளக் குழியிலோ இக்னிஷன் காயிலிலோ ஈரம் இருக்கும். காற்றடித்து உலர்த்தினாலே சரியாகலாம். ஸ்கேனரில் பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் எரியவில்லை என்று பொருள். அதன் காயிலை இரண்டாவதில் மாற்றிப் போடுங்கள். ஸ்கேனர் கோடு பி0302 என மாறினால் பழுது காயிலில்தான். மாறாவிட்டால் பிளக்கைப் பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் டெஸ்ட் கேளுங்கள். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைவாகக் காட்டினால் ராடு வளைந்திருக்கலாம். வளைந்த ராடோடு சில வாரம் ஓடிவிட்டு, பிறகு உடைந்து பிளாக்கையே துளைத்த இன்ஜின்கள் உண்டு. அதனால் இந்த டெஸ்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

டீசல் இன்ஜினில் கம்ப்ரஷன் அதிகம். கொஞ்சம் தண்ணீரே போதும், சேதம் பெரிதாகும்.