சென்சாருக்கும் தண்ணீருக்கும் நடுவே

பழவேற்காட்டில் ஃபைபர் போட்டுகளுக்கு, ஒலியை அனுப்பி ஆழத்தையும் தரையையும் திரையில் காட்டும் எக்கோ சவுண்டர் மாட்டிக் கொடுப்பது என் தொழில். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலரும் மீன்பிடி கயாக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எந்தத் திரை வாங்கலாம் என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வி. சென்சாரை எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். விலை உயர்ந்த திரையும் இடம் தப்பினால் வெறும் புள்ளிகளைத்தான் காட்டும்.

காரணம் காற்று. சென்சார் அனுப்பும் ஒலி தண்ணீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடி, தரையில் பட்டுத் திரும்பி வருகிறது. நடுவில் மெல்லிய காற்றுப் படலம் இருந்தாலே போதும், ஒலி அங்கேயே திரும்பிவிடும். "அண்ணே, நின்னா நல்லா காட்டுது, ஓட்டம் எடுத்தா கோடு காணாமப் போயிடுது" என்று போட்டுக்காரர்கள் வந்தால், நான் திரையைத் தொடவே மாட்டேன். போட்டின் அடியில் நுரை எந்த வழியாகப் போகிறது என்றுதான் பார்ப்பேன்.

நம் கரையில் இன்னொரு சங்கடம் உண்டு. அலை வாயில் மணல்மேல் இழுத்து ஏற்றுகிறோம். முகத்துவாரத்தில் மணல் திட்டு தட்டுகிறது. அடியில் துருத்தி நிற்கும் சென்சார் இங்கே நீடிக்காது. அதனால் கயாக்குக்கு இரண்டே வழிதான் சொல்வேன்: உள்ளே ஒட்டுவது, அல்லது தூக்கி இறக்கும் கை வைப்பது.

உள்ளே ஒட்டலாம் என்றால் அவசரப்பட்டுப் பசையை எடுக்காதீர்கள். கயாக்கைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, சென்சாரை முதலில் பக்கவாட்டில் நேராகத் தண்ணீருக்குள் பிடித்து ஆழத்தையும் தரைக்கோட்டின் அழுத்தத்தையும் பாருங்கள். பிறகு உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அதில் சென்சாரை வைத்து ஒவ்வோர் இடமாக நகர்த்துங்கள். வெளியே தெரிந்த கோடு ஏறக்குறைய அப்படியே எங்கே தெரிகிறதோ அதுதான் இடம். பெரும்பாலும் இருக்கைக்கு அருகே, நடுக்கோட்டை ஒட்டி, அடி தட்டையாக இருக்கும் பகுதியில் அமையும். நுனிப் பக்கம் வேண்டாம். அலையில் தூக்கித் தூக்கி அடித்துக் காற்றை வாங்கும்.

இடம் கிடைத்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பாலிஎத்திலீனில் எபாக்ஸி பிடிக்காது, நாளடைவில் பெயர்ந்து வரும். சிலிகானோ மரைன் சீலன்டோ தாராளமாக வைத்து, சென்சாரை ஒரு பக்கமாகச் சாய்த்து, மெதுவாகத் திருகி அழுத்துங்கள். குமிழி ஓரமாக வெளியேற வேண்டும். முழுவதும் இறுகும்வரை தண்ணீரில் இறக்கக் கூடாது. ஃபைபர் போட்டில் எபாக்ஸி நன்றாகவே பிடிக்கும். ஆனால் தெர்மாகோலோ மரமோ நடுவில் இருக்கும் இடத்தில் ஒலி நுழையாது. கெட்டி ஃபைபராக இருக்க வேண்டும்.

உள்ளே வைத்தால் தண்ணீரின் வெப்பநிலை சரியாகத் தெரியாது. 455, 800 கிலோஹெர்ட்ஸில் படம்போல் காட்டும் சென்சார்களுக்கும் உள்ளே வைப்பது ஒத்துவராது, அவை தண்ணீரைத் தொட்டே ஆக வேண்டும். அப்படிப்பட்டதை வாங்கியவர்களுக்குக் கைதான் வழி. ஒரு அங்குல பிவிசி குழாய், எஸ்எஸ் 316 கிளாம்ப் போதும். 304 மலிவுதான், உப்புத் தண்ணீரில் துருக்கறை பிடித்துவிடும். சென்சார் முகம் கயாக்கின் அடிக்குச் சற்றுக் கீழே, தரையை நேராகப் பார்த்து நிற்க வேண்டும். அலை தாண்டும்போது தூக்கிவிடுங்கள்.

12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி சின்னத் திரைக்குத் தாராளம். பாசிட்டிவ் வயரில் ஃபியூஸ் கட்டாயம். சென்சார் கேபிள் நீளமாக இருக்கிறதே என்று வெட்டிவிடாதீர்கள், சுருட்டிக் கட்டிவையுங்கள்.

கருவி எங்கே உதவும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 20 டிகிரி கற்றை 10 மீட்டர் ஆழத்தில் சுமார் மூன்றரை மீட்டர் அகல வட்டத்தைப் பார்க்கும். ஒரு மீட்டர் தண்ணீரில் சுமார் ஒன்றரைச் சாண், அவ்வளவுதான். பழவேற்காடு ஏரியின் பெரும்பகுதி அந்த ஆழம்தான். ஏரிக்குள் மட்டும் போகிறவர் இந்தக் காசைச் செலவழிக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. கடலில் பத்துப் பாகம் ஆழத்தில் பாரு (கடலடிப் பாறைத் திட்டு) எங்கே எழும்புகிறது, சேறு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க இது அருமையான துணை.

இறங்குமுன் ஊரில் கேளுங்கள். இங்கே பாடு முறை தலைமுறைகளாக நடக்கிறது. எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை கட்டுவது என்பதற்கு முறை இருக்கிறது. ஏரி பறவைகள் சரணாலயமும்கூட, வனத்துறையிடமும் விசாரியுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதீர்கள். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து சுற்றுலா வந்த 22 பேர் இறந்தார்கள். திரை இல்லாமல் போகலாம், லைஃப் ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள்.