நாற்றுமேடையும் சுருட்டும்

மிளகாய், தக்காளி, கத்தரி ஆகிய பயிர்களைச் செய்கை பண்ணும் கமக்காரர் பலர், நாற்றுமேடை ஓரத்தில் குந்தியிருந்து களை பிடுங்கும்போதும், நாற்றுப் பிடுங்கும்போதும், வாயிலே சுருட்டு அல்லது பீடி வைத்துக்கொள்வது வழக்கம். வேறு சிலர் வெற்றிலையுடன் புகையிலைத் துண்டொன்றை வாயில் அடக்கிக்கொள்வர். இதனால் உடலுக்குக் கேடு உண்டென்பதை இவர்கள் கேள்விப்பட்டிருப்பர். ஆனால் அதே புகையிலை, கைவிரல் வழியாகத் தம் பயிரையும் நோயுறச் செய்யக்கூடும் என்பதைப் பெரும்பாலோர் அறியார். இவ்விரு கேடுகளையும், அவற்றை ஒரே காலத்தில் விலக்கக்கூடிய வழியையும் இத்துண்டுப் பிரசுரம் எடுத்துக் கூறுகின்றது.

பயிருக்கு வரும் கேடு

புகையிலைச் செடியைத் தாக்கும் நோய்களுள் ஒன்று சித்திரவடிவ நோய். இந்நோய் கண்ட இலையில் கடும்பச்சையும் வெளிர்பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து காணப்படும். இலை சிறுத்துச் சுருங்கும். செடி வளராமல் கட்டையாக நின்றுவிடும். நோயுற்ற செடியின் சாற்றை நல்ல செடியில் ஏற்றினால் அதுவும் நோயுறும் என்பதை, ஒல்லாந்து தேசத்தில் ஆராய்ச்சி செய்த அடொல்ப் மேயர் என்பவர் 1886 ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். அந்நோயை உண்டாக்குவது பற்றீரியா அன்று, அதனிலும் நுண்ணியதான வைரசு என்று 1898 ஆம் ஆண்டில் பைஜெரிங்க் என்பவர் விளக்கினார். வைரசுகளைப் பற்றிய அறிவு மனிதர் நோயிலிருந்து தொடங்கவில்லை. புகையிலை இலையிலிருந்தே தொடங்கிற்று.

இந்த வைரசின் வலிமை அதன் நீண்ட ஆயுளில் இருக்கின்றது. இலையை உலர்த்தினாலும், பதப்படுத்தினாலும், சுருட்டாகச் சுற்றினாலும் அது முற்றாக அழிவதில்லை. பல ஆண்டுகள் உலர்ந்து கிடந்த இலையிலும் நோயூட்டும் ஆற்றலுடன் இருக்கும். நெருப்புப் பற்றிய நுனியில் அது அழிந்துபோகும். ஆனால் விரலிடையில் பிடித்திருக்கும் முனை எரிவதில்லை அல்லவா? அம்முனையைத் தொட்ட விரலில் வைரசு ஒட்டிக்கொள்ளும்.

அவ்விரலால் நாற்றைப் பிடிக்கும்போது இலையின் மேலுள்ள மென்மயிர்கள் முறிகின்றன. கண்ணுக்குத் தோன்றாத அச்சிறு காயம் வைரசு உட்புகப் போதுமானது. தக்காளி, மிளகாய், கத்தரி மூன்றும் புகையிலையின் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆகவே புகையிலையின் நோய் இவற்றையும் பற்றும். ஒரு நாற்று நோயுற்றபின், அதைத் தொட்ட கையும் கத்தியும் நோயை அடுத்த நாற்றுக்குக் கொண்டுசெல்லும். தக்காளியில் பக்கக் கிளை கிள்ளும்போது வரிசை முழுவதற்கும் இவ்வாறு பரவுவதுண்டு. நோய் கண்ட செடியைக் குணப்படுத்த மருந்து இல்லை. எந்தக் கிருமிநாசினியைத் தெளித்தாலும் பணம் வீணாகுமேயன்றி நோய் மாறாது. செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும்.

எனினும் மிளகாயில் இலை சுருண்டால் அவையெல்லாம் சுருட்டினால் வந்தவை என்று கொள்ளலாகாது. பனிப்பூச்சியும் சிற்றுண்ணியும் இலையைச் சுருளச் செய்யும். அழுக்கணவன் காவித்திரியும் வேறொரு சித்திரவடிவ நோயும் உண்டு. ஐயம் இருப்பின் செடியொன்றைப் பிடுங்கிப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுவது நன்று. மேலே கூறிய புகையிலை வைரசோ பெரும்பாலும் பூச்சியால் அன்றி, மனிதன் கையாலும் கருவியாலுமே பரவுகின்றது. நோயுற்ற பழத்தின் விதையாலும் வரும். யாழ்ப்பாணக் குடாநாட்டிற்போல் புகையிலையும் மிளகாயும் ஒரே தோட்டத்தில் மாறி மாறிச் செய்யப்படும் இடங்களில், புகையிலைத் தண்டையும் கழிவிலையையும் மிளகாய் நாற்றுமேடைக்குப் பசளையாக இடலாகாது.

உடலுக்கு வரும் கேடு

புகையிலையில் உள்ள நிக்கொற்றீன் ஒரு நஞ்சு. பூச்சிகள் தன்னைத் தின்னாதிருக்கவே செடி அதனை ஆக்கிக்கொள்கின்றது. முற்காலத்தில் நிக்கொற்றீன் சல்பேற்று பூச்சிகொல்லியாக விற்கப்பட்டதும் இக்காரணத்தாலேயே. பனியிலும் மழையிலும் நனைந்த புகையிலையை வெட்டிச் சுமப்போருக்குத் தலைச்சுற்றும் வாந்தியும் உண்டாவது, இந்நஞ்சு தோல் வழியே உட்செல்வதனாலாகும்.

சுருட்டுப் பிடிப்போர் சிலர், தாம் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, வாயோடு ஊதிவிடுவதால் தீங்கில்லை என்று சொல்வர். இது தவறு. சுருட்டின் புகை காரத்தன்மை உடையதாதலால், நிக்கொற்றீன் வாயின் உட்தோலாலேயே உறிஞ்சப்படும். வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் உண்டாவதற்குப் புகையை உள்ளிழுக்க வேண்டியதில்லை. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றைச் சேர்த்து மெல்லும் பழக்கம் அதற்கு முக்கிய காரணம். புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் மெல்வதும் பாதுகாப்பன்று; பாக்குத் தனியேயும் புற்றுநோயை விளைவிக்கும். வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், உறைப்பு உண்டால் எரிவு, வாய் அகலத் திறக்க இயலாமை ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் வைத்தியசாலையில் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். நோவு இல்லையென்று காத்திருப்பதனாலேயே பலர் காலந்தாழ்த்திச் செல்கின்றனர்.

புகையை உள்ளிழுப்போருக்கு நெஞ்சிலும் கேடு நேரும். புகையிலுள்ள காபனோரொட்சைட்டு, குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மண்வெட்டி பிடித்துச் சிறிது நேரத்தில் மூச்சு வாங்குவதற்கு வயதையே குறை கூறுவோர், இதனை நினைத்துப் பார்க்கவேண்டும். சிகரெட்டுக்கும் சுவாசப்பைப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை டொல், ஹில் என்னும் ஆங்கில ஆராய்ச்சியாளர் இருவர் 1950 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். புகையிலையால் உலகில் ஆண்டுதோறும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பிறர் விட்ட புகையைச் சுவாசித்தோரும் அவர்களுள் அடங்குவர்.

கமக்காரருக்கே உரிய இன்னோர் ஆபத்தும் உண்டு. வயலுக்குக் கிருமிநாசினி தெளித்துவிட்டு, கை கழுவாமல் பீடி பற்றவைப்போர், விரலில் படிந்த நஞ்சையும் வாய்க்குக் கொண்டுபோகின்றனர்.

விடும் வழி

2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும், மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் தடைசெய்தது. ஆனால் சட்டம் தோட்டத்து வேலிக்குள் வருவதில்லை. அங்கே கமக்காரரே முடிவு செய்யவேண்டும்.

அதற்கு உகந்த காலம் நாற்றுமேடைக் காலம். விதை போட்ட நாள்முதல் நாற்று நடும் நாள்வரை ஏறக்குறைய 4 வாரங்கள் ஆகும். புகையிலையைக் கைவிட்டவரை வருத்தும் எரிச்சல், தூக்கமின்மை, தலையிடி, மிகுபசி ஆகியவையும் முதல் வாரத்திலேயே கடுமையாக இருந்து, 3 அல்லது 4 வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடும். எனவே விதை போடும் நாளன்று கையிருப்பு முழுவதையும் அகற்றிவிட்டு, நாற்றைக் காப்பதற்காகவேனும் புகையிலையைத் தொடாதிருப்பவர், நடுகை வரும்போது கடினமான காலத்தைக் கடந்திருப்பார்.

ஆசை எழும்போது அது சில நிமிடங்களே நிற்கும். அந்நேரம் நீர் அருந்தி, கைக்கு ஒரு வேலை கொடுக்கவேண்டும். தேநீர் குடித்தவுடன் சுருட்டைத் தேடுபவர், குடித்த இடத்தில் இராமல் எழுந்து நடப்பது உதவும். கடைக்குப் பிள்ளையை அனுப்பிச் சுருட்டு வாங்குவிக்கும் வழக்கத்தை அன்றே நிறுத்தவேண்டும். நாளொன்றுக்கு 5 சுருட்டுப் பிடிப்பவர் ஆண்டுக்கு 1825 சுருட்டுக்குக் காசு கொடுக்கின்றார். விலையைத் தாமே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இடையில் ஒருநாள் தவறிப் புகைத்துவிட்டால் முயற்சியைக் கைவிட வேண்டியதில்லை. நட்ட நாற்றில் சில பட்டுப்போனால் எவரும் தோட்டத்தைக் கைவிடுவதில்லை. வெற்றிடத்தில் வேறு நாற்றை நடுவர். தாமாக விட இயலாதோர் வைத்தியரின் துணையை நாடவேண்டும். விட்டு ஓராண்டில், புகைப்பதால் மிகுந்த மாரடைப்பு ஆபத்து ஏறக்குறையப் பாதியாகக் குறையும். சுவாசப்பைப் புற்றுநோய் ஆபத்துப் பாதியாவதற்குப் 10 ஆண்டு செல்லும்.

கமக்காரர் தாம் விட்டாலும், நடுகைக்கு வரும் கூலியாட்கள் காதிலே சுருட்டைச் செருகிக்கொண்டு வருவர். ஆகையால் நாற்றுப் பிடுங்கும் காலையில் மேடையருகே ஒரு வாளி நீரும் சவர்க்காரமும் வைத்து, நாற்றில் கை வைக்குமுன் எல்லோரும் நகக்கண் வரை தேய்த்துக் கழுவும்படி செய்யவேண்டும். தேநீருக்கு எழுந்து சென்று திரும்பினால் மீண்டும் கழுவவேண்டும்.